காசுப் பையைத் தள்ளி வைங்கப்பா

நான் பஸ் கண்டக்டர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் பத்தொன்பது வருஷமாக விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். மொத்தமே பன்னிரண்டு கிலோமீட்டர் ரோடு. மடவார்வளாகத்தில் ஏறுகிறவர் பஞ்சு மார்க்கெட்டில் இறங்குவாரா, பழைய பஸ் ஸ்டாண்டு வரை வருவாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் பஸ் குலுங்குவதை வைத்து எந்த விலக்கு வந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் ரோட்டை விட்டு நூறு அடி உள்ளே இறக்கிவிட்டால் எனக்குக் கிழக்கு மேற்கு புரியாது. மேற்கே மலை தெரிந்தால் பிழைத்தேன்.

என் மகள் அப்படியில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் என்.சி.சி. சமீபத்தில் பத்து நாள் முகாமுக்குப் போனவள், அங்கே நடந்த வரைபடப் போட்டியில் முதலாவதாக வந்துவிட்டாள். வந்த அன்றிலிருந்து டிக்கெட் கொடுக்கிற சாக்கில் பஸ்ஸில் நான் சொல்லாத ஆள் இல்லை. ஒரு பாட்டியம்மா கேட்டார்: “அது என்ன விளையாட்டுய்யா, கபடி மாதிரியா?”

“இல்லம்மா. கையில ஒரு மேப்பும் காம்பஸும் கொடுத்துக் காட்டுப்பக்கம் விட்டுருவாங்க. அங்கங்க அடையாளம் வச்சிருப்பாங்க. எல்லாத்தையும் வரிசையாக் கண்டுபிடிச்சுத் திரும்பி வரணும்.”

“பொம்பளப் பிள்ளையத் தனியாக் காட்டுல விட்டுட்டு, நீ இங்க டிக்கெட் போட்டுக்கிட்டா இருந்த?”

பஸ்ஸே சிரித்தது. கேள்வி என்னவோ நியாயமானதுதான்.

வெளிநாடுகளில் இதற்கு ஓரியன்டீரிங் என்று பெயர். ஸ்வீடன் ராணுவத்தில் பயிற்சியாகத் தொடங்கியது. 1897இல் நார்வேயில் பொதுமக்களுக்கான போட்டியாக நடந்தது. பிறகு எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ஸ்வீடன்காரர் 1919இல் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் பெரிய போட்டி ஒன்று வைத்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்களாம். அந்த நாடுகளில் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் பாடத்திலேயே இது உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்குச் சொந்தம் போன்ற ஒன்று என்.சி.சி. வழியாகக் கிடைக்கிறது. டில்லியில் நடக்கும் தல் சைனிக் முகாமில், துப்பாக்கி சுடுவது, தடை தாண்டுவது, கூடாரம் அடிப்பது இவற்றோடு மேப் ரீடிங்கும் ஒரு போட்டி.

மகள் இதை எப்படிப் படித்தாள் என்று சொல்கிறேன். பள்ளியில் இருக்கிற ராணுவக் காம்பஸை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால் ஒரு சின்னக் காம்பஸ் வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்மாய்க் கரைக்குப் போவோம். கரையில் நின்றால் ஒரு பக்கம் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம், இன்னொரு பக்கம் மலை. காம்பஸில் கோபுரத்தைப் பார்த்து 70 டிகிரி என்பாள். அதோடு 180 கூட்டி 250. மேப்பில் கோபுரம் இருக்கிற புள்ளியிலிருந்து 250 டிகிரிக்கு ஒரு கோடு. அப்புறம் மலை உச்சி ஒன்றைப் பார்த்து 330 என்பாள். அதில் 180 கழித்து 150. உச்சியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, “அப்பா, நாம இங்கதான் நிக்கிறோம்” என்பாள். நாம் நிற்கிற இடம் நமக்குத் தெரியாதா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் நாள் புள்ளி தப்பாக விழுந்தது. கண்மாயின் நடுத் தண்ணீரில் நிற்கிறோம் என்று வந்தது. மறுபடி பார்த்தாள், மறுபடி தப்பு. நான் பக்கத்தில் குனிந்து உதவி செய்யப் பார்க்கிறேன், முள் ஆடி ஆடி வேறெங்கோ போய் நிற்கிறது. திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, காசுப் பையைத் தள்ளி வைங்கப்பா.”

டியூட்டி முடிந்து நேராகப் போயிருந்தேன், தோளில் தோல் பை. நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசெல்லாம் காந்தத்தில் ஒட்டுகிற ஸ்டீல். முள்ளை இழுத்துக்கொண்டிருந்தது என் பைதான். இருபது அடி தள்ளி ஒரு பனை மரத்தடியில் பையோடு போய் உட்கார்ந்தேன். முள் சரியாக நின்றது. அன்றிலிருந்து என் இடம் அந்தப் பனை மரத்தடி.

கோபுரத்தைக் குறி வைப்பது ஒன்றும் புதுசில்லை என்று அவள் டீச்சர் சொல்லியிருக்கிறார். 1802இல் லாம்ப்டன் என்கிற வெள்ளைக்காரர் சென்னை பரங்கிமலைப் பக்கம் தேசத்தையே முக்கோணம் முக்கோணமாக அளக்க ஆரம்பித்தார். மலை இல்லாத சமவெளியில் கோயில் கோபுரத்து மேலே கருவியை ஏற்றித்தான் பார்த்தார்கள். 1808இல் தஞ்சாவூரில் அப்படி ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் கருவி கோபுரத்தில் மோதிவிட்டது. கருவிக்குப் பலத்த அடி.

எங்கள் கோபுரம் பதினோரு நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தானா என்று மதுரைக்காரர்களோடு ஒரு வழக்கு உண்டு, அதை இப்போது எடுக்கவில்லை. இந்தக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு அப்பா இருக்கிறார். பெரியாழ்வார் மதுரைக்குப் போய்ப் பாண்டியன் சபையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு இதைக் கட்டினார் என்பது எங்கள் ஊர் ஐதீகம். போட்டியில் ஜெயித்தது அவர், பரிசு வாங்கியது அவர். ஆனால் பஸ்ஸில் ஏறுகிற யாரும் பெரியாழ்வார் கோயிலுக்கு ஒரு டிக்கெட் என்று கேட்பதில்லை. ஆண்டாள் கோயில்தான். துளசிச் செடியடியில் கிடைத்த மகளின் பெயர்தான் ஊருக்கே நிற்கிறது. போய்விட்ட மகளைப் பற்றி ஒரு தாயின் குரலில் அவர் பாடியிருக்கிறார். அந்தப் பாசுரங்களில் பெருமை எங்கே முடிகிறது, ஏக்கம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

போட்டியன்று நடந்ததை மகள் சொல்லித்தான் கேட்டேன். மற்ற விளையாட்டென்றால் பெற்றவர்கள் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தலாம். இதில் பிள்ளை புறப்படுவதைப் பார்க்கலாம், வந்து சேர்வதைப் பார்க்கலாம். நடுவில் ஒன்றும் கிடையாது. என்னை முகாமுக்குள் விடாததால் எனக்கு அந்த இரண்டும் கிடையாது.

ஆறு இடம். நாலாவதிலிருந்து ஐந்தாவதுக்கு மேப்பில் நேர்கோடு போட்டால் ஒரு கண்மாய்க்குள்ளே போகிறது. கோடை, தண்ணீர் இல்லை. மற்ற பிள்ளைகள் குறுக்கே இறங்கிவிட்டார்கள். இவள் இறங்கவில்லை. தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் என்ன இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்? சீமைக்கருவேல். மேப் அச்சடித்தபோது இல்லாத முள். கரையோடு சுற்றி ஓடினாள். தூரம் ஒன்றரை மடங்கு. இவள் ஐந்தாவது இடத்தில் குறித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, உள்ளே பிள்ளைகள் துப்பட்டாவையும் சட்டையையும் முள்ளிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தார்களாம்.

“கண்மாய்க் கரையில உங்களோட நடந்ததுனாலதாம்ப்பா தெரிஞ்சது” என்றாள். நான் நடக்கவே இல்லை, பனை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அதை அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை. எனக்கும் கொஞ்சம் பங்கு வேண்டாமா?

முகாம் முடிந்த அன்று அரை கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வாசலில் நின்றேன். மெடலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சின்ன வட்டம், சிவப்பு நாடா. பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் சில்லறை எடுக்கும்போதெல்லாம் அதுதான் கையில் தட்டுப்பட்டது. ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் பாதிப்பேர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். அந்தப் பாட்டியம்மா மட்டும், “பிள்ள பத்திரமா வந்துட்டாள்ல?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் என்.சி.சி. இருக்கிறதா என்று விசாரியுங்கள். இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் உங்கள் ஊர் வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய தாளில் அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு ஒரு கண்மாய்க் கரைக்குப் போங்கள். காசும் செல்போனும் இருபது அடி தள்ளி இருக்கட்டும். நீங்களும் அங்கேயே இருங்கள்.