நெடுந்தீவில் காற்றாலை எங்கே நிற்பது?



குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்து நிற்பவர் கண்ணில் முதலில் படுவது நயினாதீவின் நாகபூசணி அம்மன் கோபுரம். மற்றதெல்லாம் கடல், பனை, வானம். தீவகத்தில் மலை கிடையாது. மேடென்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. அதனால் நிமிர்ந்து நிற்கும் எதுவும் ஊர் முழுவதற்கும் தெரியும். புதுக் கட்டுமானமும் பழைய காட்சியும் மோதுவதைப் பேச இலங்கையில் இதைவிடப் பொருத்தமான இடமில்லை என்பது தலைமை தாங்கும் என் கட்சி. மலைநாட்டார் மறுக்கலாம்.

பேசவேண்டிய சங்கதி நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான கலப்பு மின்திட்டம். 2021 ஜனவரியில் அமைச்சரவை இதைச் சீன நிறுவனக் கூட்டொன்றுக்கு வழங்க இசைந்தது. இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டு இறுதிக்குள் வேலை நின்றது. 2022 மார்ச்சில் இந்திய – இலங்கை உடன்பாடு வந்தது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூரு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பணம் இந்திய நன்கொடை, 11 மில்லியன் டொலர். காற்றில் 530 கிலோவாற், சூரிய ஒளியில் 1,700 கிலோவாற், கூடவே மின்கலத் தொகுதியும் டீசல் இயந்திரமும்.

யார் கட்டுவது என்று இரண்டு பெரிய நாடுகள் மல்லுக்கட்டியதில், எங்கே கட்டுவது என்ற கேள்வி ஏறக்குறைய காணாமலே போயிற்று.

டீசலை நம்பி வாழும் தீவாருக்கு மின்சாரம் கட்டாயம் வேண்டும். பட்டணத்திலிருந்து வந்து அழகு பேசி அதைத் தடுப்பது அபத்தம். கேள்வி இடமும் உயரமும் பற்றியது. வெட்டவெளியில் 50 மீற்றர்க் கம்பமொன்று, பூமியின் வளைவைக் கழித்தாலும், நிற்பவர் கண்ணுக்கு 30 கிலோமீற்றர் வரை எட்டும். நெடுந்தீவின் நீளமோ அதில் பாதிகூட இல்லை.

தப்ப வழியில்லையா? உண்டு, பனை இருக்கிறது. மறைப்பு கம்பத்தடியில் நின்றால் பயன் குறைவு. பார்ப்பவரின் பக்கத்தில் நிற்கவேண்டும். பாதையோரத்துப் பனங்கூடல் ஒன்று தொலைவிலுள்ள காற்றாலையை முழுதாக விழுங்கிவிடும். பழைய கோட்டை இடிபாட்டுக்குப் பின்னாலோ, கட்டைக் குதிரைகள் மேயும் தெற்குப் புல்வெளியிலோ கம்பம் எழுந்தால் எந்த மரமும் கைகொடுக்காது. சூரியத் தகடு ஆளுயரத்தைச் சற்றே தாண்டுவது. பழைய பவளக்கல் வேலிக்குள் அடங்கும். ஆனால் அந்த வேலியை இடித்து முட்கம்பி போட்டுவிட்டால் திரும்பக் கட்ட வழியில்லை. பவளக்கல் அகழச் சட்டம் விடாது.

சட்டம் காட்சியைக் கவனிப்பது அரிது. மீள்பிறப்பாக்க மின்நிலையம் 50 மெகாவாற்றைத் தாண்டினால்தான் பொதுவாகச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். உணர்திறன்மிக்க இடங்கள் விதிவிலக்கு. சிறு திட்டம் சிறு தீவில் பெரிதாய்த் தெரியும் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. ஆனால் இலண்டனில் புனித பவுல் பேராலயத்தின் தோற்றத்தைக் காக்க 1937இலேயே கட்டட உயரத்துக்கு வரம்பு வைத்தார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன், எல்பே ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டியதால் 2009இல் உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆற்றைக் கடக்க வழி தேவையில்லை என்பதல்ல அங்கேயும் வாதம். சுரங்கவழியாக அமைக்கலாமே என்றுதான் கேட்டார்கள்.

இன்றைய முதல் அமர்வுக்கு ஒரு வேலை. குறிகட்டுவான் துறை, நெடுந்தீவுப் படகுவழி, கோட்டை, குதிரைவெளி, கடற்கோட்டையை நோக்கும் ஊர்காவற்றுறைக் கரை என்று பார்வைமுனைகளை வரைபடத்தில் குறிக்கவேண்டும். பிறகு உத்தேச இடத்தில், உத்தேச உயரத்துக்கு ஒரு பலூனைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு முனையிலிருந்தும் படம் எடுக்கவேண்டும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றும் நாட்டுக்கு இதொன்றும் பெரிய வித்தையல்ல. அந்தப் படங்களை முதலில் பார்க்கவேண்டியவர்கள் படகோட்டிகளும் மீனவர்களும் பிரதேச சபையாரும். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்.