பொறுப்பை ஒப்படைப்பதே வழிகாட்டுதல்

(வாலிபர், மாணவர் ஊழியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரை)

இளைஞர்களிடம் தலைமைப் பண்பை வளர்ப்பது குறித்து இன்று நாடெங்கும் பேசப்படுகிறது. கார்ப்பரேட் நிறுவனங்களும் தனியார் கல்லூரிகளும் இதற்கெனவே வகுப்புகள் நடத்துகின்றன. அந்த வகுப்புகளில் தலைமை என்பது அருகிலிருப்பவரை முந்திச் செல்லும் திறமையாகக் கற்பிக்கப்படுகிறது. பொறுப்பு என்பதற்கும் அங்கே தனிப்பொருள் உண்டு. வேலை கிடைக்காவிட்டால், கூலி உயராவிட்டால், குறை தன்னிடமே இருப்பதாக இளைஞர் ஏற்றுக்கொள்ள வேண்டும். வேலையைப் பறிக்கும் கொள்கைகள் பற்றி அங்கே ஒரு சொல்லும் எழுவதில்லை.

இதற்கு நேர்மாறான மரபு ஒன்று இந்திய விடுதலைப் போராட்டத்திலும் இடதுசாரி இயக்கத்திலும் வேர்கொண்டுள்ளது. மூத்தவர் இளையவருக்கு அறிவுரை கூறுவதோடு நின்றுவிடாமல், உண்மையான பொறுப்பை ஒப்படைத்து, அதற்குப் பதில் சொல்லவும் பழக்கிய மரபு அது. சிட்டகாங், அந்தமான், மேற்கு வங்கக் கிராமங்கள் ஆகிய மூன்று களங்களில் அது எவ்வாறு வளர்ந்தது என்பதைக் கூர்ந்து நோக்குவது பயனுடையது.

சிட்டகாங்கில் ஒரு பள்ளி ஆசிரியர்

இன்றைய வங்கதேசத்தில் உள்ள சிட்டகாங்கில் 1930 ஏப்ரல் 18 அன்று ஆயுதக் கிடங்குகள் தாக்கப்பட்டன. தந்தி, தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. தலைமையேற்றவர் சூர்யா சென் என்ற பள்ளி ஆசிரியர். இளைஞர்கள் அவரை ‘மாஸ்டர்தா’ என்றே அழைத்தனர். அவரது அணியில் பெரும்பாலோர் மாணவர்கள். சுபோத் ராய்க்கு அப்போது வயது 14.

சூர்யா சென் தம்மைச் சுற்றிப் பக்தர்களைத் திரட்டவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கொடுத்த வேலைக்கு விளக்கமும் கேட்டார். பெண்கள் ஆயுதப் போராட்டத்தில் நேரடியாகப் பங்கேற்பது அரிதாக இருந்த காலத்தில், கல்லூரி மாணவி கல்பனா தத்திடம் வெடிபொருள் தொடர்பான பணிகள் ஒப்படைக்கப்பட்டன. 1932 செப்டம்பரில் பஹார்தலி ஐரோப்பியர் கிளப் மீதான தாக்குதலுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு 21 வயதான பிரீதிலதா வதேதாரிடம் அளிக்கப்பட்டது. ஆண்கள் அடங்கிய குழு ஒரு பெண்ணின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து களமிறங்கியது. பிரீதிலதா பிடிபடாமல் நஞ்சருந்தி உயிர் துறந்தார். 1934 ஜனவரி 12 அன்று சூர்யா சென் தூக்கிலிடப்பட்டார்.

இந்தத் தியாகம் என்றென்றும் போற்றத்தக்கது. எனினும் அதன் எல்லையையும் மறைக்கலாகாது. இரகசியக் குழுவில் முடிவெடுப்பவர் மிகச் சிலர். உயிரைக் கொடுப்போர் பலர். விவசாயியும் தொழிலாளியும் வெளியே நின்று வியந்து பார்த்தனர். ஆசிரியர் கைதானதும் அமைப்பு சிதறியது. ஒருவரைச் சார்ந்து நிற்கும் வழிகாட்டுதலின் பலவீனம் இதுவே.

அந்தமானில் கூட்டுக் கல்வி

இந்தப் பலவீனத்தை உணர்ந்து கடந்தவர்கள் அந்த இளைஞர்களில் பலரே. அதற்கான இடம் அந்தமானின் செல்லுலார் சிறையாக அமைந்தது வரலாற்றின் விந்தை. 1932 முதல் அரசியல் கைதிகள் மீண்டும் அங்கே அனுப்பப்பட்டனர். சிட்டகாங் வீரர்களும் பகத் சிங்கின் தோழர்களும் வங்கத்தின் பல்வேறு குழுக்களைச் சேர்ந்தோரும் ஒரே மதில்களுக்குள் அடைக்கப்பட்டனர்.

1933 மே மாதம் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினர். விளக்கு, புத்தகம், செய்தித்தாள் ஆகியவை அவர்களது கோரிக்கைகளில் முக்கியமானவை. வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்ட கொடுமையில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய மூவரும் உயிரிழந்தனர். 46 நாட்களுக்குப் பின் நிர்வாகம் இறங்கி வந்தது. படிப்பதற்கான உரிமை மூன்று உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது என்பதைப் புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு இளைஞரும் நினைவில் கொள்ளத்தக்கது.

அதன்பின் சிறை ஒரு கல்விக்கூடமாயிற்று. மருத்துவரான நாராயண் ராய், நிரஞ்சன் சென்குப்தா, சதீஷ் பக்ராஷி போன்ற மூத்தோர் மார்க்சியக் கல்விக்கு முன்கை எடுத்தனர். கற்றவர் மற்றவருக்குக் கற்பித்தார். 1935-இல் ‘கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன்’ என்ற அமைப்பு உருவாயிற்று. தாங்கள் வந்த பாதையில் எது சரி, எது தவறு என்று நீண்ட விவாதங்கள் நடந்தன. துப்பாக்கி ஏந்திய கரங்கள் ஏன் மக்கள் திரளைச் சென்றடையவில்லை என்ற கசப்பான கேள்வியை மூத்தவர்களும் தவிர்க்கவில்லை. இளையவர்களும் கேட்கத் தயங்கவில்லை.

இக்கல்வியின் பலன் விரைவில் வெளிப்பட்டது. 1937 ஜூலையில் இருநூறுக்கும் மேற்பட்ட கைதிகள் மீண்டும் உண்ணாவிரதம் மேற்கொண்டனர். இம்முறை கோரிக்கை சிறைக்குள் அடங்கவில்லை. அரசியல் கைதிகள் அனைவரின் விடுதலையும், அந்தமான் கைதிகளைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் முன்வைக்கப்பட்டன. நாடெங்கும் ஆதரவு எழுந்தது. 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் தாய்நாட்டுச் சிறைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

பின்னாளில் இவர்களில் கணேஷ் கோஷ் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் மக்களின் குரலானார். 14 வயதில் ஆயுதம் ஏந்திய சுபோத் ராய், கம்யூனிஸ்ட் இயக்கம் தொடர்பான அரசு ஆவணங்களைப் பொறுமையாகத் தேடித் தொகுத்து நூலாக்கினார். வீரத்துக்கு வயது தடையில்லை என்பதைப் போலவே, பொறுமையும் கற்றுப் பெறத்தக்கதே என்பதற்கு அவரது வாழ்வு சான்று.

கிராமத்து ஏழையிடம் பொறுப்பு

பதின்ம வயதில் கைதாகி அந்தமானில் கம்யூனிஸ்டாக உருவான மற்றொருவர் ஹரேகிருஷ்ண கோனார். விடுதலைக்குப் பின் பர்துவான் மாவட்ட விவசாயிகளிடையே பணியாற்றினார். 1967-லும் 1969-லும் மேற்கு வங்க ஐக்கிய முன்னணி அரசுகளில் நிலச் சீர்திருத்தத் துறை அமைச்சரானார்.

உச்சவரம்பைத் தாண்டிய நிலம் பினாமி பெயர்களில் மறைந்து கிடந்தது. பதிவேட்டைப் புரட்டினால் அது தெரியாது. எந்த வயல் உண்மையில் யாருடையது என்பது அதில் உழுபவருக்குத் தெரியும். எனவே விவசாயிகளின் அமைப்பு பலத்தையும் முன்முயற்சியையும் கோனார் நம்பினார். பினாமி நிலத்தை அடையாளம் காணும் வேலை கிராமத்து ஏழைகளின் கைக்கு வந்தது. அந்தமானில் தமக்கு அளிக்கப்பட்ட நம்பிக்கையை அவர் வயல்வெளிக்குக் கொண்டு சென்றார்.

1974-இல் கோனார் மறைந்தார், பணி நிற்கவில்லை. 1978-இல் இடது முன்னணி அரசு தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ திட்டத்தில், பகலில் வயலை விட்டு வர முடியாத பங்குச் சாகுபடியாளர்களுக்காக மாலை வேளைகளில் முகாம்கள் நடந்தன. நிலவுடைமையாளர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றவர்கள், தம் உரிமையை அதிகாரிகள் முன் கூட்டாக எடுத்துரைத்தனர். 14 லட்சத்துக்கும் அதிகமானோரின் சாகுபடி உரிமை காலப்போக்கில் பதிவாயிற்று. ஒரு தலைவர் மறைந்தபோதும் பணி தொடர்ந்தது என்பதே சிட்டகாங்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

இன்றைய கடமை

தோழர்களே, இந்த வரலாற்றின் ஒளியில் இன்றைய நடைமுறையைப் பரிசீலிக்க வேண்டும். கொடி கட்டவும் சுவரொட்டி ஒட்டவும் இளைஞர் அழைக்கப்படுகின்றனர். முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களது நாற்காலி காலியாக இருக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் அவர்கள் மெல்ல விலகிச் செல்கின்றனர். இளைஞருக்கு ஈடுபாடு இல்லை என்று சொல்வது எளிது. அவர்களுக்கு எந்தப் பொறுப்பு அளிக்கப்பட்டது என்று கேட்பது கடினம்.

ஒரு தெருவின் குடிநீர்ப் பிரச்சனையை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தால், மனு எழுதுவது முதல் மக்களைத் திரட்டுவது வரை முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். மூத்த தோழர் உடனிருக்கலாம், மேடையைப் பறித்துக்கொள்ளலாகாது. அதே வேளையில், உண்டியல் வசூலில் ஒரு ரூபாய்க்கும் கணக்கு ஒப்படைக்கவும், செய்ததையும் செய்யத் தவறியதையும் கிளைக் கூட்டத்தில் அறிக்கையாக வைக்கவும் அவர் பழக வேண்டும். தனிமனிதப் பொறுப்புணர்வு பிறப்பது இத்தகைய சிறு ஒழுங்குகளில்தான்.

போராட்டம் தோற்றால் பழியை இளையவர் தலையில் சுமத்துவதும், வென்றால் புகழை மூத்தவர் பெறுவதும் ஸ்தாபனத்தை அரிக்கும் நோய்கள். விமர்சனம் கூட்டத்துக்குள் நேர்முகமாக அமைய வேண்டும். தேநீர்க் கடையில் கேலியாக அல்ல. விமர்சிக்கும் மூத்தவர் தமது பணியையும் அதே அளவுகோலால் அளந்து காட்டினால்தான் இளையவர் அதை ஏற்பார். படிப்பு வட்டங்களில் இளையவரே பாடம் நடத்தும் முறை வர வேண்டும். கற்பிக்கும்போதுதான் கற்றது உறுதிப்படும்.

பெண்கள், தலித்துகள், ஆதிவாசிகள் ஆகியோரிடமிருந்து வரும் இளைஞர்களுக்குப் பொறுப்பு அளிப்பதில் தயக்கம் காட்டுவது, சமூகத்தின் பழைய படிநிலையை அமைப்புக்குள் அனுமதிப்பதாகும். 1932-இல் ஒரு பள்ளி ஆசிரியர் துணிந்ததை இன்றைய குழுக்கள் செய்யத் தயங்குவதற்கு நியாயம் இல்லை.

முகாமிலிருந்து திரும்பும் ஒவ்வொரு தோழரும் தமது குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு பொருளைச் சேர்க்கக் கோரலாம். இவ்வாண்டு எந்த இளைஞரிடம் எந்தப் பணி முழுமையாக ஒப்படைக்கப்பட்டது, யார் அவருடன் இருந்தார், அவர் எப்போது அறிக்கை வைப்பார் என்பதே அந்தப் பொருள். பதில் ஒரு பெயராகவும் ஒரு தேதியாகவும் வரட்டும்.