மிதிவண்டியும் நடைபாதையும்



சிங்கப்பூரில் கார் இல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. முடியும் என்பதற்கு நானே சான்று. 1990-ஆம் ஆண்டு முதல் இங்கே கார் வாங்குவோர் வாகன உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் பத்தே ஆண்டுகள். 2023-இல் சிறிய கார் வகைக்கான சான்றிதழ் மட்டுமே 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. காரின் விலை தனி! அந்தக் கணக்கை இதோடு விட்டுவிடுவோம்.

வீட்டிலிருந்து இரயில் நிலையம் 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தால் ஏறத்தாழ 25 நிமிடம். மிதிவண்டியில் மெல்லப் போனாலும் 12 நிமிடந்தான். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மிதிக்க வேண்டியதில்லை. நீண்ட தொலைவை இரயில் பார்த்துக்கொள்ளும். நிலையத்து நிறுத்தத்தில் வண்டியைப் பூட்டிவிட்டு ஏறலாம். என்னைக் கேட்டால் பூட்டு இரண்டு போடுங்கள் என்பேன்.

இனி, நடைபாதை. தெம்பனிஸ் நகரில் 2007-இல் சோதனையாகத் தொடங்கி, 2010-இல் நிலையாக்கப்பட்ட ஏற்பாடு ஒன்று உண்டு: நடைபாதையிலும் மிதிவண்டி ஓட்டலாம். 2018 மே மாதம் புதிய சட்டம் நடப்புக்கு வந்தபோது தீவு முழுவதற்கும் அந்த உரிமை கிடைத்தது. வேக வரம்பு முதலில் மணிக்கு 15 கிலோமீட்டர். 2019 பிப்ரவரியில் அது 10 ஆயிற்று. சாலையில் ஓட்டுவோருக்குத் தலைக்கவசம் கட்டாயமானதும் அதே மாதத்தில்தான். தனி மிதிவண்டிப் பாதையை ஒட்டி, நடப்போருக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பாதைகளில் 2025 ஜூலை முதல் நாம் ஓட்டக் கூடாது.

பத்துக் கிலோமீட்டர் என்ன வேகம், ஆமை வேகமல்லவா என்று நானும் முணுமுணுத்தவன்தான். ஒரு மாலை, எங்கள் புளோக்கின் அருகே, சந்தைப் பையோடு நடந்துகொண்டிருந்த ஒரு பாட்டிக்குப் பின்னால் மணியடித்தேன். அவர் திடுக்கிட்டு, நான் போக நினைத்த பக்கமே ஒதுங்கினார். பிரேக்கைப் பிடித்தேன். என் கைப்பிடி அவர் பையில் உரசியது, தக்காளி உருண்டோடியது. நல்ல வேளையாக அவர் விழவில்லை.

பொறுக்கிக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. "மணி அடிச்சா நான் எந்தப் பக்கம் போறதுன்னு எனக்கு எப்படித் தெரியும், தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணியை நான் ஒரு கட்டளைபோல் அடித்திருந்தேன். இப்போது முதியவர்களைக் கண்டால் நடை வேகத்துக்கு வந்து, "பாட்டி, வலப்பக்கம் போறேன்" என்கிறேன். குறுகலான இடமானால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். 12 நிமிடப் பயணம் 14 நிமிடமாகிறது. அந்த இரண்டு நிமிடத்துக்காக நான் இதுவரை இரயிலைத் தவறவிட்டதில்லை. மழைதான் தவறவிட வைத்திருக்கிறது. அதற்குப் பையில் ஒரு மாற்றுச் சட்டை எப்போதும் இருக்கும்.