சொல் நிற்கும் இடம்

(நமது சங்கத்தின் குடும்ப விழாவில் ஆற்றிய உரை)



சில வாரங்களுக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: "பூனை நாய் கடிச்சிடுச்சு." தடுப்பூசி போட எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, பூனையையா நாயையா? அரை மணி நேரம் இரு வீட்டாரும் தவித்தார்கள். விட்டுப்போனது ஒரே ஓர் எழுத்து, 'பூனைய' என்பதில் வரும் 'ய'.

"நாய் பூனையைக் கடித்தது", "பூனையை நாய் கடித்தது" என எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். கடிபட்டது எது என்பதை 'ஐ' உருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் நாயையும் பூனையையும் இடம் மாற்றினால் கடித்தது பூனை ஆகிவிடும். அங்கே உருபின் வேலையைச் சொல் நிற்கும் இடமே செய்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் வேற்றுமை உருபுகள் இருந்தன. அவை தேயத் தேய, சொல்வரிசை இறுகியது.

மொழியைப் புதிதாக உருவாக்கியவர்களும் இந்த இரண்டில் ஒரு வழியைத்தான் தேடினார்கள். 1887இல் எஸ்பெராண்டோவை வெளியிட்ட கண் மருத்துவர் ஸாமென்ஹாஃப், நம் 'ஐ' போல ஒரு 'ன்' வைத்தார். 'காட்டோ' என்றால் பூனை, 'காட்டோன்' என்றால் பூனையை. அதனால் சொற்களை மாற்றி வைத்தாலும் பொருள் மாறாது. லோஜ்பான் என்ற மொழி மறுபக்கம் போனது. அதில் 'க்லாமா' என்ற வினைக்கு ஐந்து இடங்கள் உண்டு: போகிறவர், சேருமிடம், புறப்பட்ட இடம், வழி, வாகனம். எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவே பொருள்.

தமிழில் வரிசைக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 'புலி கொல் யானை' என்பது இலக்கண உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? உருபு மறைந்ததும் குழப்பம் வந்துவிடுகிறது.

நம் அறிவிப்புப் பலகைக்கு வருவோம். "சனிக்கிழமை மட்டும் பி பிளாக்கில் தண்ணீர் வராது." "சனிக்கிழமை பி பிளாக்கில் மட்டும் தண்ணீர் வராது." முதலாவது, மற்ற நாட்களில் வரும் என்கிறது, ஏ பிளாக் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டாவதைப் படித்த ஏ பிளாக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். 'மட்டும்' ஒரு சொல் தள்ளி நின்றதில் ஒரு பிளாக்கே குடம் நிரப்புவதா வேண்டாமா என்பது மாறிவிடுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். குழுவில் அனுப்பும் முன் ஒருமுறை வாசியுங்கள். 'ஐ' இருக்கிறதா, 'மட்டும்' சரியான சொல்லை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பாதிச் சண்டை குறையும்.