படகோட்டிக்கும் படிப்பு வேண்டும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டப்புறத்துக் குடும்பங்கள் இப்போதெல்லாம் வீட்டிலேயே அடைந்து கிடப்பதில்லை. நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ போய் வருகிறோம். நல்ல காரியந்தான். போன இடத்தில் மோட்டார் படகு ஒன்று நின்றால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று பேசி ஏறிவிடுகிறோம். கட்டணத்திற்காக இரண்டு தடவை பேரம் பேசுகிற நாம், அந்தப் படகை ஓட்டப் போகிறவர் யார், ஓட்டுவதற்கு எங்கே கற்றுக்கொண்டார் என்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா?

நாமும் கேட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவந்தான் நம்மைக் கேட்க வைத்தது.

நம் பள்ளிப் பிள்ளைகளை ஒரு ஏரிக்கு அழைத்துப் போயிருந்தோம். இரண்டு படகுகள் பேசினோம். நாம் ஏறிய படகை ஓட்ட வந்தவன் ஓர் இளைஞன். கிட்ட வந்து, "சார், என்னைத் தெரியலையா?" என்று சிரித்தான். பார்த்தால் நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன்! மகிழ்ச்சியில் வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. நடு ஏரிக்குப் போனதும், பிள்ளைகளை மகிழ்விக்க எண்ணிப் படகை விரைவாக ஓட்டிச் சட்டென்று ஒரு திருப்பம் திருப்பினான். தண்ணீர் சிதறியது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், ஓரத்தில் எழுந்து நின்ற ஒரு சிறுவன் வெளிப்பக்கமாகச் சாய்ந்தான். நம் கைக்கு அவன் சட்டைக் காலர் அகப்பட்டது. அகப்படாமல் போயிருந்தால்? உயிர்காப்புச் சட்டைகள் எங்கே என்று பார்த்தால், முன்பக்கப் பலகைக்கு அடியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, புதுக்கருக்கு அழியாமல் இருந்தன.

கரைக்கு வந்த பின் அவனைத் தனியே அழைத்து, "லைசென்ஸ் இருக்கா தம்பி?" என்று கேட்டோம். "மோட்டார் சைக்கிளுக்கே இன்னும் எடுக்கல சார். இது பார்த்துப் பழகினதுதான்" என்றான். அவன்மேல் கோபம் வந்தது. ஆனால் கேட்காமல் ஏறியது நாம்தானே! தவற்றில் பாதிக்கு மேல் நம்முடையது.

பார்த்துப் பழகினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். மோட்டார் சைக்கிளை விடப் படகு எளிது, தண்ணீரில் பள்ளமா மேடா என்றும் நினைக்கலாம். உண்மை அதற்கு மாறானது. முதலாவது, படகுக்குப் பிரேக் கிடையாது. விசையைக் குறைத்தாலும் வந்த வேகத்தில் சிறிது தூரம் ஓடித்தான் நிற்கும். அது மட்டுமல்ல, பின்னால் பொருத்திய மோட்டார் படகில், நீரைத் தள்ளும் விசிறியின் தள்ளலே படகைத் திருப்பவும் செய்கிறது. பயந்துபோய் விசையை அடியோடு குறைத்துவிட்டால் திருப்பும் சக்தியும் கூடவே போய்விடும். இரண்டாவது, சைக்கிளைத் திருப்பினால் முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வருகிறது. படகு அப்படியல்ல. முகம் வலப்பக்கம் திரும்பினால் வால் இடப்பக்கமாக வீசி அடிக்கும். அந்த வாலில்தான் கத்திபோல் சுழலும் விசிறி இருக்கிறது.

ஆகவே ஒருவர் இடப்பக்கம் விழுந்துவிட்டால் ஓட்டுகிறவர் என்ன செய்ய வேண்டும்? விழுந்தவரை விட்டு விலகிப் போகவேண்டும் என்று எண்ணி வலப்பக்கம் திருப்பத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். திருப்பினால் விசிறி நேராக அவர்மேல் போகும். விழுந்தவர் இருக்கும் பக்கமாகவே படகின் முகத்தைத் திருப்ப வேண்டும்; அப்போதுதான் வால் அவரை விட்டு விலகும். உடனே இயந்திரத்தின் பிடியை விடுவித்து விசிறியை நிறுத்த வேண்டும். பிறகு மெல்லச் சுற்றி வந்து, கிட்ட நெருங்கியதும் இயந்திரத்தையே அணைத்துவிட்டுக் கைகொடுக்க வேண்டும். இது பார்த்துப் பழகி வருகிற அறிவா? ஒருவர் சொல்லிக் கொடுத்து, பலமுறை செய்து பார்த்து வருகிற அறிவல்லவா?

இங்கிலாந்தில் கார்ன்வால் என்ற பகுதியில் பாட்ஸ்டோ என்ற ஊர் இருக்கிறது. ஆறு கடலில் கலக்கும் இடம். 2013 மே 5ஆம் நாள் அங்கே தாய், தகப்பன், நான்கு பிள்ளைகள் என ஒரு குடும்பம் தங்கள் சொந்த விசைப்படகில் போய்க்கொண்டிருந்தது. வேகமாகப் போன படகு சட்டென்று திரும்பியதில் ஆறு பேரும் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டார்கள். ஆளில்லாத படகு நிற்கவில்லை. முழு வேகத்தில் வட்டமடித்துக்கொண்டே திரும்பத் திரும்ப அவர்கள்மேல் வந்தது. தகப்பனும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். தாய் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். இன்னொருவர் வேறொரு படகில் துரத்திச் சென்று, அதற்குள் தாவி ஏறி நிறுத்தும்வரை அந்தப் படகு ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தப் படகிலும் ஒரு சிறு கயிறு இருந்தது. சுருள் சுருளான சிவப்புக் கயிறு. அதன் ஒரு நுனியை இயந்திரத்தின் விசைக்குமிழில் மாட்டி, மறு நுனியை ஓட்டுகிறவர் தம் தொடையிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்வது வழக்கம். அவர் இடத்தை விட்டு விலகினால் கயிறு கழன்று, இயந்திரம் தானே நின்றுவிடும். அன்று அந்தக் கயிறு ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டப்பட்டிருக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. கயிற்றை மாட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சட்டைப் பொத்தான் ஒன்று போடுகிற நேரந்தான். இந்தக் கயிற்றையோ அதுபோன்ற சாதனத்தையோ சிறிய விசைப்படகுகளில் வேகமாக ஓட்டும்போது கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்கா 2021 ஏப்ரல் முதல் நாளிலிருந்து சட்டம் செய்துவிட்டது.

இங்கிலாந்தில் சொந்தப் படகைப் பொழுதுபோக்காகக் கடலில் ஓட்ட இன்றும் லைசென்ஸ் தேவையில்லை. பயிற்சி வகுப்புகள் நிறைய உண்டு, விரும்பியவர் போகலாம். வேறு நாடுகள் அப்படி விட்டுவைக்கவில்லை. ஏரிகள் நிறைந்த கனடாவைப் பாருங்கள். அங்கே மோட்டார் பூட்டிய உல்லாசப் படகை ஓட்டுகிறவரிடம் தகுதி அட்டை இருக்க வேண்டும். 1999இல் இளையவர்களிடம் தொடங்கிப் படிப்படியாக விரித்து, 2009 செப்டம்பர் 15 முதல் எல்லா வயதினருக்கும் அது கட்டாயமாயிற்று. வடகோடியில் உள்ள இரண்டு பிரதேசங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தேர்வில் 50 கேள்விகள். 100க்கு 75 எடுத்தால் தேர்ச்சி. ஒருமுறை பெற்ற அட்டை ஆயுள் முழுவதும் செல்லும். அட்டையில்லாமல் பிடிபட்டால் 250 டாலர் அபராதம்.

பிள்ளைகளுக்கும் அங்கே அளவு வைத்திருக்கிறார்கள். 12 வயதுக்குக் குறைந்தவர் தனியாக ஓட்டுவதானால் 10 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டாரைத் தொடக்கூடாது. 12 முதல் 16 வயதுக்குள் இருப்பவருக்கு 40 குதிரைத்திறன் வரை. அதற்கு மேல் போனால் 16 வயது நிரம்பிய ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். தண்ணீரில் மோட்டார் சைக்கிள்போல் உட்கார்ந்து ஓட்டுகிறார்களே, அந்த வண்டியை மட்டும் 16 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டவே கூடாது. பக்கத்தில் யார் இருந்தாலும் கூடாது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஒரு சட்டம். ஃபுளோரிடாவில் 1988 ஜனவரி முதல் நாளிலோ அதன் பிறகோ பிறந்தவர்கள், 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள படகை ஓட்டப் பாதுகாப்புப் பாடம் படித்த அடையாள அட்டை காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கணக்கு வேகத்தை வைத்து. மணிக்கு 10 கடல் மைலும் அதற்கு மேலும் போவதென்றால் லைசென்ஸ் வேண்டும். பக்கத்து வீடான சிங்கப்பூரிலும் உல்லாச விசைப்படகு ஓட்ட லைசென்ஸ் உண்டு. எழுத்துத் தேர்வோடு, படகை ஓட்டிக் காட்டும் தேர்வும் இருக்கிறது.

இங்கே நம் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கனடாவின் வயதுக் கணக்கு நமக்குப் பிடித்திருக்கிறது. தேர்வு முறை பிடிக்கவில்லை. கேள்வித்தாளுக்குப் பதில் எழுதிவிட்டாலே அட்டை கிடைக்கிறது. படகைத் தொட்டே பார்த்திராதவரும் வாங்கிவிடலாம். கரும்பலகையில் மரத்தின் படத்தை வரைந்து, கோடு இப்படிப் போக வேண்டும், பட்டை இவ்வளவு சீவ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் ஒருவர் மறுநாள் பால்வெட்டுக்காரர் ஆகிவிடுவாரா? உளியைக் கையில் பிடித்து, நாலு மரத்தைக் காயப்படுத்தி, தண்டலிடம் ஏச்சு வாங்கினால்தானே கை பழகும்! ஏட்டோடு கைப்பழக்கமும் கேட்கிற சிங்கப்பூர் முறையே மேல் என்பது நம் எண்ணம். ஆனாலும் எழுத்துப் பாடம் வீண் என்று சொல்ல வரவில்லை. அதில் இருக்கும் சில செய்திகள் கைப்பழக்கத்தால் வரவே வராதவை.

உதாரணமாகச் சாலை விதி. தண்ணீரில் ஏது சாலை என்கிறீர்களா? உண்டு. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. குறுகலான கால்வாயிலும் ஆற்று முகத்திலும் படகுகள் வலப்பக்கத்தை ஒட்டிப் போக வேண்டும். இது 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் விதி. எதிரெதிரே இரண்டு படகுகள் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகிய நம் பையன், அவசரத்தில் எந்தப் பக்கம் திருப்புவான்?

இரவு நேரத்தில் படகின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும். குறுக்கே ஒரு விசைப்படகு வருகிறது, அதன் சிவப்பு விளக்கு நமக்குத் தெரிகிறது என்றால் அது நமக்கு வலப்பக்கத்திலிருந்து வருகிறது. நாம்தான் வழிவிட வேண்டும். பச்சை தெரிந்தால் அது நமக்கு வழிவிட வேண்டும். சாலைச் சந்திப்பின் சிவப்பும் பச்சையும்போலவே நினைவில் வைத்துக்கொள்ளலாம். மிதவைகளிலும் நிறம் உண்டு. கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது நம் நாட்டில் சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை மிதவை வலப்பக்கம் இருக்கும். அமெரிக்காவில், ஜப்பானில், பிலிப்பீன்ஸில் இது தலைகீழ்! அங்கே ஓட்டிப் பழகியவர் இங்கே வந்தால் புதிதாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

குடியைப் பற்றியும் பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் உயிர்ச்சேதம் ஏற்பட்ட உல்லாசப் படகு விபத்துகளுக்குத் தெரிந்த காரணங்களில் முதலிடம் மதுவுக்கே என்று அந்நாட்டுக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் எழுதி வருகிறது. ஏறும்போதே ஓட்டுகிறவரிடமிருந்து வாடை வந்தால், கொடுத்த பணம் போனாலும் போகட்டும், இறங்கிவிடுங்கள்.

அதே படை 2023ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். அந்த ஆண்டில் 564 பேர் இறந்தார்கள். சாவின் காரணம் தெரிந்தவர்களில் நாலில் மூவர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 100க்கு 87 பேர் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை. இன்னொன்று: ஓட்டியவர் பயிற்சி பெற்றவரா இல்லையா என்று தெரிந்த விபத்துகளில், சுமார் நாலில் மூன்று பங்கு சாவுகள் பயிற்சியே பெறாதவர் ஓட்டிய படகுகளில் நேர்ந்தவை.

சட்டையைப் படகில் வைத்திருப்பது வேறு, உடம்பில் போட்டிருப்பது வேறு. தண்ணீரில் விழுந்த பிறகு அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது. பெரியவர் சட்டையைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் சட்டை மேலே வந்துவிடும், குழந்தை கீழே நழுவிவிடும். தாய்மார்கள் இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். வார்களை எல்லாம் இழுத்துக் கட்டிய பிறகு, குழந்தையின் இரண்டு தோள்களிலும் சட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். சட்டை காதுவரை ஏறி வந்தால் அளவு பெரியது, வேறு கேளுங்கள். கால்களுக்கு இடையில் கட்டும் வார் உள்ளது கிடைத்தால் சிறு பிள்ளைகளுக்கு அதுவே நல்லது.

நம் பழைய மாணவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோமே! அன்று நாம் கேட்ட கேள்வி அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் தாயாரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "இதுக்கெல்லாம் எங்கே போய்க் கேக்கிறது சார்?" என்றான். கடலில் ஓடும் படகுகளைக் கவனிக்கிற ஜபாத்தான் லாவுட் அலுவலகத்தில் முதலில் போய் விசாரி, ஏரிப் படகுக்கு யாரிடம் போக வேண்டும் என்பதையும் அங்கேயே கேள் என்று சொல்லி, அவனுக்காக மலாயில் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தோம். அவன் தாயார் நம்மிடம் கேட்டது வேறு. "இவன் சம்பளம் இல்லாம வீடு ஓடாது சார். படிக்கப் போற நாளெல்லாம் முதலாளி சும்மா விடுவாரா?" அதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆனால் அவன் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் போனான். பலகைக்கடியில் கிடந்த சட்டைகளைப் பிரித்து வெளியில் தொங்கவிட்டிருப்பதாகவும், போடாதவர்களை ஏற்றுவதில்லை என்றும் போகிறபோது சொன்னான்.