கணினிக்குக் காவல்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர் பலர். அவ்வலுவலகக் கணினிகளைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பது பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

2004-ஆம் ஆண்டில் 'செர்ட்-இன்' என்னும் அவசரநிலைக் குழுவை மத்திய அரசு அமைத்தது. மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் அது இயங்குகின்றது. விவரம் கேட்கவும் ஆணையிடவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவு அதற்கு அதிகாரம் அளிக்கின்றது. அவ்வாணையை மீறுவோர் தண்டனைக்குரியர்.

இத்தகைய காவல் இருந்தும், 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. ஐந்து சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவுகளைப் பகைவர் மறைகுறியிட்டுப் பூட்டிவிட்டனர். புறநோயாளர் பதிவு முதலிய பணிகள் பல நாட்கள் காகிதத்திலும் பேனாவிலும் நடைபெற்றன. தொலைவூர்களிலிருந்து வந்து வரிசையில் நின்ற ஏழை எளியோரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

காரணம் யாது? கணினி வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படவில்லை என்று பின்னர் நாடாளுமன்றத்தில் அரசு கூறிற்று. வரிசை வீடுகளுக்கு நடுவே சுவர் இல்லையேல், ஒரு வீட்டில் புகுந்த திருடன் எல்லா வீட்டிலும் புகுவானன்றோ? அத்தகைய குறைதான் அது.

இங்கு நாம் உணரவேண்டியது ஒன்றுண்டு. மேற்பார்வைக் குழு ஆணையிடும், ஆராயும், எச்சரிக்கும். ஆனால் சுவர் எழுப்புவதும் கதவைத் தாழிடுவதும் அந்தந்த அலுவலகத்தின் வேலை. காவலர் ஊரைச் சுற்றி வருகிறார் என்பதற்காக நாம் கதவைத் திறந்து வைத்து உறங்குவதில்லை.

தாக்குதல் நேர்ந்ததை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் அக்குழு பிறப்பித்த ஆணை. ஓரிடத்தில் நேர்ந்ததை உடனே அறிந்தால்தான் மற்ற இடங்களைக் காக்க இயலும். ஆயினும் அலுவலகத்தின் பெயர் கெடுமே என்று அஞ்சி மறைக்கும் மனப்பான்மை நம்மிடையே உண்டு. அம்மை கண்ட வீடு அதை மறைத்தால் தெருவுக்கே கேடு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வாசலில் வேப்பிலை செருகினர்.

ஆதலின், அரசுப் பணியிலுள்ள அன்பர்களே! கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடாதீர். ஐயம் எழுந்தால் அக்கணமே மேலதிகாரிக்கு உரையுங்கள். மேலதிகாரிகளே! உண்மை சொன்னவரைக் கடிந்துகொள்ளாதீர். மக்கள் நம்பி ஒப்படைத்த விவரங்கள் உங்கள் கையில் உள்ளன. அவற்றின் முதற்காவலர் நீங்களே.