தாய்க்கோழித் தேர்வு
(காரமடை வட்டாரக் குடியானவர்களுக்கான பிரசங்கம்)



காரமடை வட்டாரத்துக் குடியானவர் வீடுகளில் கோழி வளர்த்தல் பழைய வழக்கம். களத்தில் சிந்திய சோளமும் கம்பும், எருக்குழியின் புழுவும், கரையானும் அதற்கு ஆகாரமாகின்றன. மாலையில் பஞ்சாரத்தில் கவிழ்த்து விட்டால் காவலும் முடிந்தது. இவ்வளவு எளிதில் வளர்வதனால் அதன் வருவாயை அற்பமென்று எண்ணலாகாது. முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்மக்களின் கையிலேயே தங்கும் காசு. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும், திடீரென்று நேரும் மருந்துச் செலவுக்கும் அதுவே உதவுகின்றது. ஆதலின் கோழியின் ஜாதியையும் குணத்தையும் ஆராய்தல் குடும்ப க்ஷேமத்தைப் பற்றியதாகும்.

கிராமங்களில் தொன்றுதொட்டு நிகழ்ந்துவரும் ஒரு நஷ்டத்தை முதற்கண் கவனித்தல் வேண்டும். விருந்தாளி வந்தால் அறுக்கப்படுவது கொழுத்த கோழி. சந்தைக்குப் போவதும் நல்ல விலை பெறும் பெரிய கோழியே. எஞ்சி நிற்பவை மெலிந்தவையும், விலை போகாதவையும் ஆகும். அடுத்த ஆண்டின் குஞ்சுகளுக்கு இவையே தாயும் தந்தையும் ஆகின்றன. விதைச் சோளத்துக்குப் பருத்த கதிரைத் தெரிந்து கட்டித் தொங்கவிடும் குடியானவர், கோழி விஷயத்தில் மட்டும் பருத்ததை உண்டு பதரை விதைக்கின்றார். இவ்வழக்கம் நீங்காத வரையில் எந்த உயர்ந்த ஜாதியும் மூன்று தலைமுறையில் தேய்ந்துவிடும்.

சுத்த ஜாதி என்பது யாது? தாய் தந்தையரின் உருவமும் குணமும் குஞ்சுகளிடம் மாறாமல் தொடர்ந்து வருவதே அதன் இலக்கணம். வெறும் நிறத்தினால் ஜாதி நிர்ணயமாகாது. இத்தாலி தேசத்தில் தோன்றிய வெள்ளை லெகார்ன் கோழிக்கு வெண்ணிறச் செவிமடலும், மஞ்சள் காலும், பெரிய ஒற்றைக் கொண்டையும் உண்டு. அது வெள்ளை முட்டையிடும், அடை காப்பது அரிது. அமெரிக்காவைச் சேர்ந்த ரோட் ஐலண்ட் ரெட் கோழி செந்நிறமுடையது. பழுப்பு முட்டையிடும், முட்டைக்கும் இறைச்சிக்கும் ஏற்றது. அசில் கோழி நிமிர்ந்த உடலும், சிறு கொண்டையும், இறுகிய சிறகும் உடையது. முட்டை குறைவு, இறைச்சிக்கு மதிப்பு மிகுதி. சிறுவிடைக் கோழி உருவிற் சிறியதாயினும், அடை காத்துக் குஞ்சுகளைக் காப்பதிற் சிறந்தது.

நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டைகள் இடும். பண்ணையில் வளரும் லெகார்ன் 250-க்கு மேல் இடும். ஆயினும் அத்தொகை பண்ணைத் தீவனத்தாலும் பராமரிப்பாலும் கிடைப்பது. மேய்ச்சலில் விட்ட கோழியிடம் அதனை எதிர்பார்த்தல் தவறு. அன்றியும் வெள்ளைக் கோழி பருந்தின் கண்ணில் எளிதிற் படும். எனவே திறந்த வெளியில் மேய்ப்போர் நிறமுள்ள ஜாதியைத் தெரிந்துகொள்வது உசிதம்.

கலப்பினக் குஞ்சுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. கிரிராஜா, வனராஜா முதலியவை புறக்கடை வளர்ப்புக்கென்றே உண்டாக்கப்பட்டவை. வாங்கி வளர்த்துப் பயன்பெறுவதற்கு நல்லவை. ஆனால் அவற்றின் முட்டைகளை அடை வைத்தால், வரும் குஞ்சுகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. வித்துக்கு அவை உதவா. இவற்றைச் சுத்த நாட்டுக்கோழி என்று நம்பி அதிக விலை கொடுப்போர் இரட்டை நஷ்டமடைவர். விளம்பரத்தை மட்டும் நம்பியதால் விளைவது யாதென்பதற்கு, 2012-ஆம் ஆண்டில் பெருந்துறை முதலிய இடங்களில் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் சரிந்து, பணம் கட்டியோர் தவித்ததே சாட்சி.

இனித் தாய்க்கோழியின் லக்ஷணங்கள். கண் தெளிவாயும், கொண்டை சிவந்து மென்மையாயும், மார்பெலும்பு கோணலின்றியும் இருத்தல் வேண்டும். முட்டையிடும் கோழியின் ஆசனவாய் அகன்று ஈரமாயிருக்கும். அதன் இருபுறத்து இடுப்பெலும்புகளுக்கு இடையே இரண்டு விரல்களாவது நுழைய வேண்டும். அவ்வெலும்புகளுக்கும் மார்பெலும்பின் நுனிக்கும் இடையே மூன்று நான்கு விரல் இடம் இருத்தல் நன்று. மஞ்சள் கால் உடைய ஜாதிகளில், முட்டையிட இட அலகும் காலும் வெளிறிப் போகும். ஆதலால் பளபளக்கும் மஞ்சள் காலைக் கண்டு மயங்கலாகாது. பருவத்தில் தாமதமாய்ச் சிறகுதிர்த்து விரைவில் மீண்டும் முளைக்கப்பெறும் கோழி சிறந்தது. முதலாண்டு முட்டைக் கணக்கு நன்றாயிருந்து இரண்டாம் ஆண்டில் நிற்கும் கோழியே வித்துக்கு உத்தமம். இதற்குக் காலில் வர்ண வளையமும், சுவரில் ஒரு கரிக்கோட்டுக் கணக்கும் போதும்.

சேவல் பாதி மந்தைக்குச் சமானம். அதன் தாயும் சகோதரிகளும் நன்றாக முட்டையிட்டனவா என்று விசாரித்தே கொள்ளல் வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். தந்தையையும் மகளையும் இணைய விட்டால் பொரிப்பும் வலிமையும் குன்றும். ஆதலின் ஆண்டுதோறும் சேவலை மாற்றுக. பழைய சேவலை நீக்கிய பின்பு மூன்று வாரம் சென்ற முட்டைகளையே அடை வைத்தல் வேண்டும். அதுவரை பழைய சேவலின் வித்து பெட்டையிடம் தங்கியிருக்கும். ஒரு வாரத்துக்கு மேற்படாத, நடுத்தர அளவுள்ள, கீறலற்ற முட்டைகளையே தெரிந்து, சிறுவிடைக் கோழியிடம் பத்துப் பன்னிரண்டு வைக்கலாம். 21-ஆம் நாள் குஞ்சு பொரிக்கும்.

எவ்வளவு தேர்ந்தெடுத்தாலும் வெள்ளைக் கழிச்சல் நோய் ஒரே வாரத்தில் மந்தையைக் காலி செய்துவிடும். இந்தியாவில் ராணிக்கேத் என்னுமிடத்தில் கண்டறியப்பட்டதால் அது அப்பெயரும் பெற்றது. நோய் வந்தபின் மருந்தில்லை. குஞ்சின் முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போடுவித்தல் வேண்டும். புதிதாய் வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே வைத்தல் அவசியம்.

தனிக் குடும்பம் ஒன்று உயர்ந்த சேவலை ஆண்டுதோறும் வாங்க இயலாது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் இயலும். 1920-களில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் நடத்தினார். அங்கே உயர்ஜாதிக் கோழி வளர்ப்பும் முட்டைகளைக் கூட்டாக விற்பதும் ஒன்றாகவே கற்பிக்கப்பட்டன. நல்ல முட்டைக்கு நல்ல விலை கிடைத்தாலன்றி நல்ல கோழியை எவரும் வைத்திரார் என்பதே அதன் தத்துவம்.

காரமடைக் கிராமங்களிலும் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவும் ஒரு சேவலைப் பொதுவில் வாங்கி, அடுத்த ஆண்டு அயற் குழுவுடன் மாற்றிக்கொள்ளலாம். குஞ்சு வாங்கும் முன் சரவணம்பட்டியிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் யோசனை கேட்கலாம். தேர்ந்த பெட்டைகளின் காலில் வளையமிட்டு, அவற்றை அறுப்பதுமில்லை, விற்பதுமில்லை என்று குழுவில் தீர்மானித்துக் கொள்வதே முதல் வேலை. இதற்கு ஒரு காசும் செலவில்லை. அடுத்த நோன்புக்கு விருந்தாளி வரும்போது, வளையமில்லாத கோழியே குழம்பிற்குப் போகட்டும்.